மருந்து எடுக்கிறவள்

8-1-1979

இந்த டைரி டயர் கம்பெனிக்காரன் கொடுத்தது. என் வீட்டுக்காரர், இவர், சங்ககிரியில் லாரியை நிறுத்திவிட்டு வந்ததும் மேசையில் போட்டார். "பால் கணக்கு எழுதிக்க" என்றார். பால் கணக்கு எழுத வீட்டில் மாடு ஏது? மாட்டை விற்றுத்தானே பன்றிக் கொட்டகை போட்டோம். பாதி நாள் ரோட்டிலேயே இருக்கிற மனிதருக்கு வீட்டில் எது இருக்கிறது, எது போயிற்று என்று ஞாபகம் இருப்பதில்லை.

இருக்கட்டும், நானே எழுதுகிறேன். இன்று காலை வெள்ளச்சி குட்டி போட்டாள். நானும் கொட்டகை வேலைக்கு வரும் ஆத்தாயியும் துடைத்துத் துடைத்து ஒவ்வொன்றாக மடியில் சேர்த்தோம். கடைசிக் குட்டி சோப்புக்கட்டி அளவுதான் இருந்தது. ஆனால் அதுதான் முதலில் காம்பைப் பிடித்தது. கெட்டிக்காரி.

நாமக்கல்லில் எல்லாரும் கோழி வளர்க்கிறார்கள், நான் பன்றி வளர்க்கிறேன். ஒறம்பரை என்று சொந்தக்காரர்கள் வந்தால் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. மூக்கை மூடிக்கொண்டு காபி குடிக்கிறார்கள். ஆனால் போகும்போது "வருமானம் எப்பிடி அம்மிணி?" என்று மெதுவாகக் கேட்காதவர் ஒருவர் இல்லை.

19-1-1979

குட்டிகளுக்குக் கழிச்சல். கால்நடை டாக்டர் வேலுமணி உடனே மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். சின்ன வயசு. மெட்ராஸில் படித்தவர், ஆனால் கொட்டகைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிறார்.

"இதுக்கு முன்னாடி மருந்து ஏதாச்சும் குடுத்தீங்களாம்மா?"

"இல்லீங்க."

ஊசி போட்டார். நாளைக்கே எழுந்து ஓடும் என்றார்.

20-1-1979

ஓடவில்லை.

22-1-1979

மூன்று போய்விட்டது. கெட்டிக்காரியும் போய்விட்டாள். டாக்டர் மறுபடி அதே ஊசியைப் போட்டார். மறுபடி அதே கேள்வி. நானும் அதே பதில். அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. நான் ஏன் பொய் சொல்லப் போகிறேன்?

6-2-1979

அடுத்த கொட்டிலிலும் கழிச்சல். காளியண்ணன் மாமா வந்து பார்த்தார். இவருக்குத் தாய்மாமன் முறை. தீவன மில் அவருடையது. வெள்ளைப் பன்றி வளர்க்கிறவர்கள் சேர்ந்து வைத்திருக்கும் எங்கள் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். வாராவாரம் கேரளத்துக்குப் போகும் லோடில் யார் பன்றி ஏறும், யார் பன்றி நிற்கும் என்பதெல்லாம் அவர் வாயில்தான் இருக்கிறது.

"சத்துப் பொடிய இன்னும் ஒரு கை சேத்திப் போடு சாமி. சத்துப் பத்தல" என்றார்.

சேர்த்துப் போட்டேன்.

இரவு இவர் பேச்சு வேறு மாதிரி இருந்தது. "சித்திரைக்குள்ள தேறுலீன்னா எல்லாத்தையும் லோடு ஏத்தி உட்டரலாம் சௌந்திரம். ஊரு சிரிக்கறதுக்கா பண்ணையம் பண்ற?" விற்க மாட்டேன். இது ஒன்றுதான் நானாகத் தொடங்கி நானாக நடத்துவது.

9-2-1979

இன்று நடந்ததை எழுதாவிட்டால் தூக்கம் வராது.

டாக்டர் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தார். ஆத்தாயி ஜவ்வரிசி ஆலையில் மிஞ்சிய குச்சிக்கிழங்குத் திப்பியில் தவிட்டைக் கொட்டி, மேலே மஞ்சள் பொடியைத் தூவினாள். "அது என்னம்மா?" என்றார். "சத்துங்க சார்" என்றாள் ஆத்தாயி. அவர் டப்பாவை வாங்கினார். மில்லில் ஒட்டிய காகிதம், பன்றிப் படம், கீழே பெரிய எழுத்தில் ‘சத்துப் பொடி’. நகத்தால் அந்தக் காகிதத்தை உரித்தார். அடியில் இங்கிலீஷ். படித்துவிட்டு அப்படியே தொட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இது மருந்தும்மா. நான் போட்ட ஊசியில இருக்கறதும் இதேதான்."

எத்தனை வருஷமாகப் போடுகிறோம்! நான் மட்டுமா? சங்கத்தில் இருக்கிற அத்தனை பேரும்.

"மருந்து குடுத்தீங்களான்னு எத்தனை தடவை கேட்டேன்? இல்லேன்னீங்களே" என்று கத்தினார்.

"சத்து குடுத்தீங்களான்னு கேட்டிருந்தா ஆமான்னு சொல்லியிருப்பனே!" என்று நானும் கத்தினேன். ஏன், எனக்கு மட்டும் வாய் இல்லையா?

அப்புறம் இருவரும் காபி குடித்தோம். அவர் பொறுமையாகச் சொன்னார். தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னக் கொடுத்து வயிற்றுக் கிருமியைப் பழக்கிவிட்டோமாம். அதற்கு இந்த மருந்து இப்போது சோற்றில் போடுகிற உப்பு. நோய் வந்த அன்றைக்குக் குடம் குடமாகக் கொடுத்தாலும் கேட்காதாம். நம் குட்டிகளைக் காப்பாற்ற இருந்த ஒரே ஆயுதத்தை நாமே தவிட்டில் கலந்து தீர்த்திருக்கிறோம்!

மாமா தெரிந்தே செய்தாரா? இருக்காது. மெட்ராஸிலிருந்து வந்த ஏஜெண்டு சத்து என்று சொல்லி விற்றான், மாமா வாங்கிக் காகிதம் ஒட்டினார். மருந்து என்று சொல்லியிருந்தால் ஒருவரும் தொட்டிருக்க மாட்டோம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

21-2-1979

டாக்டர் சொன்னபடி கழிச்சலைச் சுத்தமான பாட்டிலில் எடுத்துக்கொண்டு சேலம் போனேன். சூரமங்கலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பரிசோதனை நிலையம். அங்கே சாயிரா பானு என்று ஒரு பெண். டாக்டருக்குத் தெரிந்தவள். பாட்டிலை எடுத்துக் கொடுக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. "என்னம்மா, நீங்க இதைத் தொடலாமா?" என்று கேட்டேவிட்டேன்.

"தொடறதுக்குத்தான் கையுறை இருக்கேக்கா. எங்கத்தா கேட்டா கழுதையோடதுன்னு சொல்லிக்கறேன்" என்று சிரித்தாள்.

23-2-1979

மறுபடி சேலம். சாயிரா ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினாள். பாசி பிடித்த மாதிரி கிருமி பரவியிருந்தது. நடுவே பொட்டுப் பொட்டாகக் காகித வில்லைகள். ஒவ்வொரு வில்லையிலும் ஒவ்வொரு மருந்தாம். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து வட்டமாகத் தெளிந்திருக்குமாம். ஒன்றிரண்டைச் சுற்றி வட்டம் இருந்தது. நம் மஞ்சள் பொடி வில்லையைச் சுற்றி ஒன்றுமே இல்லை. கிருமி அதன் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது.

வட்டம் இருந்த மருந்து ஒன்றைக் குறித்துக் கொடுத்தாள். "இதையும் தவிட்டுல கலந்துராதீங்கக்கா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நல்ல பெண்.

4-3-1979, ஞாயிறு

சங்கக் கூட்டம். டாக்டரைப் பேச வைத்தேன். அவர் கிருமி, எதிர்ப்புச் சக்தி என்று புத்தகத் தமிழில் அரை மணி நேரம் பேசினார். பாதிப் பேர் தூங்கினார்கள், மீதிப் பேர் டீ எப்போது வரும் என்று வாசலைப் பார்த்தார்கள். பொடியை நிறுத்துவோம் என்று நான் தீர்மானம் சொன்னதும் எல்லாருக்கும் முழிப்பு வந்துவிட்டது. ஒரே சிரிப்பு.

"சத்து வேண்டாங்கறியா அம்மிணி? நாளைக்கு சோறும் வேண்டாம்பியாட்ட இருக்குது" என்றார் மாமா. "நீ ஒரு வருசம் பொடி போடாம வளத்திக் காட்டு. பொறவு பேசலாம்."

"காட்டறேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் வந்தது. ஏன்டி சௌந்திரம், உனக்கு எதற்கு இந்த வாய்?

5-3-1979

பொடி டப்பா எல்லாவற்றையும் பரண் மேல் ஏற்றியாயிற்று. "அப்ப குட்டிக்கு என்னக்கா போடறது?" என்றாள் ஆத்தாயி. டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன். தரை ஈரமாக இருக்கக் கூடாது. ஒரு கொட்டில் காலியானால் சுண்ணாம்பு அடித்துக் காயவிட்டுத்தான் அடுத்ததை விடவேண்டும். தாயிடமிருந்து அவசரப்பட்டுப் பிரிக்கக் கூடாது. மூலையில் சுத்தமான செம்மண் போட்டால் குட்டி நக்கிக்கொள்ளும், ரத்தம் ஊறும்.

"இத்தனை வேலைக்கும் சேத்தித்தான் அந்தப் பொடியா?" என்றாள். ஆமாம். ஒரு கை பொடி போட்டுவிட்டு நாம் செய்யாமல் விட்ட வேலை இவ்வளவு.

17-5-1979

வெயில். கூரைமேல் ஓலை போட்டு நீர் தெளிக்கிறோம். குட்டிகள் தாழ்வில்லை, ஆனால் எடை ஏறுவது மெதுவாகத்தான் இருக்கிறது. மாமா சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "பூனை வளத்தறயா சாமி?" என்று கேட்டுவிட்டுப் போனார். இவர் சித்திரைக் கெடுவை மறந்த மாதிரி இருக்கிறார். நானும் ஞாபகப்படுத்தவில்லை.

30-8-1979

பூனைகள் பன்றிகளாகிவிட்டன. மாமா இப்போதெல்லாம் எட்டிப் பார்ப்பதில்லை.

11-11-1979

நான்கு நாளாக அடைமழை. சுண்ணாம்பு, செம்மண், காய்ந்த வைக்கோல் எல்லாம் செய்தும் ஒரு கொட்டிலில் கழிச்சல் வந்துவிட்டது. பரண் மேல் கண் போயிற்று. ஆத்தாயியும் அங்கேதான் பார்த்தாள். டாக்டருக்கு ஆள் அனுப்பினேன்.

டாக்டர் நனைந்துகொண்டே வந்தார். "மருந்து—" என்று தொடங்கி என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சாயிரா குறித்துக் கொடுத்த மருந்தை நோய் கண்ட குட்டிகளுக்கு மட்டும் போட்டார். மற்றதை எல்லாம் வேறு கொட்டிலுக்கு மாற்றினோம்.

14-11-1979

ஒன்றுகூடச் சாகவில்லை. ஒன்றுகூட!

16-12-1979

இந்த வாரம் என் பன்றிகள் லோடு ஏறின. மற்றவர்களுடையதைவிட இரண்டு வாரம் பின்னால்தான். ஆனால் எடை மேடையில் ஒரு முள்கூடக் குறையவில்லை. குட்டிச் சாவு இல்லாததால் எண்ணிக்கையில் நான்தான் முன்னால். இவர் லாரியிலிருந்து எட்டிப் பார்த்து "பரவால்லியே" என்றார். கல்யாணமான நாளிலிருந்து இவர் வாயில் நான் கேட்ட பெரிய பாராட்டு இதுதான்.

16-3-1980, ஞாயிறு

ஜெயித்துவிட்டேன்! எப்படி என்று எனக்கே சிரிப்பாக வருகிறது.

சங்கக் கூட்டம். இந்த மழைக்காலத்தில் குட்டி சாகாத பண்ணை என்னுடையது மட்டும்தான். மாமா பண்ணையில் இரண்டு கொட்டில் காலி. எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் எழுந்து போன வருஷத் தீர்மானத்தையே மறுபடி சொன்னேன். மெதுவாக, மரியாதையாக, அடுக்கடுக்காகச் சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன்.

மாமா குறுக்கே வந்தார். "கொட்டில் கழுவறது, மண்ணுக் கொட்டறது எல்லாம் உன்னாட்ட ஊட்டுல சும்மா இருக்கறவங்களுக்கு ஆகும் அம்மிணி. எங்களுக்கு ஆகுமா?"

சும்மா இருக்கிறவளா! மனப்பாடம் செய்ததெல்லாம் எங்கேயோ போயிற்று.

"சும்மா இருக்கறவதானுங்க மாமா. ஆனா வாயில்லாச் சீவனுக்குச் சோத்துல மருந்து வெக்கறவ இல்ல!"

டீ டம்ளரைத் தூக்கியவர்கள் தூக்கியபடியே என்னைப் பார்த்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ‘மருந்து வைத்தான்’ என்றால் வேறு அர்த்தம். சோற்றில் எதையோ கலந்து கொடுத்து ஆளைக் கெடுத்துவிட்டான் என்று. இதைவிடப் பெரிய பழி கிடையாது. மருந்து வைத்துவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தால், அதை வயிற்றிலிருந்து எடுப்பதற்கென்றே ஆள் இருக்கிறார்கள், அவர்களைத் தேடிப் போவார்கள். காளியண்ணன் மாமாவே போன வருஷம் மகனுக்கு மருமகள் மருந்து வைத்துவிட்டாள் என்று ஆத்தூர்ப் பக்கம் மருந்து எடுக்கக் கூட்டிப் போய் வந்தவர். ஊருக்கே தெரியும். நான் அதை நினைத்துச் சொல்லவில்லை. சத்தியமாக வாயில் வந்தது அதுதான்.

மாமா முகம் கறுத்துவிட்டது. "ஆரைப் பாத்து மருந்து வெச்சேங்கற?"

"டப்பாவுல என்ன எழுதியிருக்குதுன்னு டாக்டரையே கேளுங்க."

எல்லாரும் டாக்டரைப் பார்த்தார்கள். போன வருஷம் அரை மணி நேரம் பேசிய மனிதர் இந்த முறை ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"மருந்துங்க."

ராசிபுரத்துப் பெரியசாமி அண்ணன் மெதுவாக எழுந்தார். எங்கள் எல்லாருக்கும் மூத்தவர். "அப்ப நாம இத்தன வருசமா ரெண்டு வேளையும் நம்ம சீவனுக்கு மருந்தா வெச்சுட்டு இருந்தோம்?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை, கையைத் தூக்கினார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் தூக்கினார். அப்புறம் கை, கை, கை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, எண்ணவே முடியவில்லை.

தீவனத்தில் மருந்து கூடாது. நோய் கண்ட உருப்படிக்கு மட்டும், டாக்டர் பார்த்துக் கொடுத்தால் மட்டும். மருந்து ஏறிய பன்றி டாக்டர் சரி என்று சொல்கிற வரை லோடு ஏறாது. இதுதான் சட்டம். இவ்வளவுதான் சட்டம்!

மாமா கை தூக்கவில்லை. கடைசியில், "அப்ப மில்லுல இருக்கற டப்பாவ என்ன பண்றது?" என்று மட்டும் கேட்டார். குரலே எழும்பவில்லை. பாவமாக இருந்தது.

17-3-1980

பரண் மேல் இருந்த டப்பாக்களை டாக்டரிடம் கொடுத்தாயிற்று. ஆத்தாயி ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்துவிட்டுச் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள். துடைத்துவிட்டுப் போய்க் கழுவியும் வந்தாள்.

3-6-1980

ஊர் எனக்குப் பெயர் வைத்துவிட்டது. ‘மருந்து எடுக்கிற சௌந்திரம்’. கிண்டல்தான். கேட்டால் முதலில் கோபம் வந்தது. இப்போது இல்லை.

இன்று நடந்ததுதான் உச்சம். பரமத்திப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் மருமகனைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டாள். "ஏனுங்க, மருந்து எடுக்கறது நீங்கதானுங்களா? இவனுக்கு அவங்க சித்தி வெச்சுட்டாங்க சாமி, சோறே எறங்க மாட்டேங்குது." நான் பன்றிக்குத்தானம்மா என்று சொன்னால் நம்பவில்லை. "பன்னிக்கே எடுக்கறீங்க, மனுசனுக்கு எடுக்கப்படாதா?" என்கிறாள். மோர் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அனுப்பினேன். ஆத்தாயி கொட்டகைக்குள் ஓடிப்போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

25-10-1980

சட்டம் போட்டால் போதுமா, மீறுகிறவன் மீறத்தானே செய்வான். மோகனூர் ரோட்டுக்காரர் ஒருவர் ரகசியமாக வேறு ஊரிலிருந்து பொடி வாங்கிப் போட்டிருக்கிறார். லோடு ஏற்றும்போது விஷயம் வெளியே வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் தன் லாரியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாராம்.

"மருந்து வெச்ச பன்னிய என்ற வண்டியில ஏத்த மாட்டேன். மலைப்பாதையில போற வண்டி இது. எறக்குங்க."

மற்ற டிரைவர்களும் ஒருவரும் ஏற்றவில்லை. எலுமிச்சம்பழம் கட்டாமல் வண்டி எடுக்காதவர்கள், மருந்து வைத்ததை ஏற்றுவார்களா? எந்த அதிகாரி வந்து சொல்லியிருந்தாலும் இப்படி நடந்திருக்காது. இவர் வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆத்தாயி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ராத்திரி இவருக்குப் பிடித்த பச்சைப்பயறு கடைந்தேன்.

12-1-1981

மாமா மில்லில் புதுச் சாக்கு அச்சடித்திருக்கிறார். பெரிய எழுத்தில்: ‘மருந்து வைக்காத தீவனம்’. கடைவீதியில் ஒருவர் "அப்ப இதுவரைக்கும் வெச்சிருந்தீங்களா?" என்று கேட்டுவிட்டாராம். மாமா ஒரு வாரம் கடை வீதிப் பக்கம் போகவில்லை. ஆனால் சாக்கை மாற்றவில்லை. சாக்கு நன்றாகப் போகிறதாம்.

8-9-1983

சாயிரா வரச்சொல்லி இருந்தாள். வருஷத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் எங்கள் பண்ணைச் சாணத்தை வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் கேட்டுக்கொண்டதுகூட இல்லை. தட்டைக் கையில் கொடுத்தாள். "நல்லாப் பாருங்கக்கா."

நம் பழைய மஞ்சள் பொடி வில்லை. அதைச் சுற்றி ஒரு வட்டம். சின்னதுதான், கால் ரூபாய் அளவு. ஆனால் வட்டம். பொடி நின்றதும் கிருமி பழக்கத்தை மறக்கத் தொடங்கியிருக்கிறதாம்.

நான் அந்தப் பெண்ணைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவள் கையுறையைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

19-2-1984

டாக்டர் வேலுமணிக்கு மாற்றல், ஊட்டிப் பக்கம். சங்கத்தில் மாலை போட்டோம். என்னைப் பேசச் சொன்னார்கள். "மருந்துங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

22-11-1984

மழை. காலையிலேயே காளியண்ணன் மாமா ஆள் அனுப்பினார். அவர் பண்ணையில் குட்டிகளுக்குக் கழிச்சல். போனேன். புது டாக்டர் வந்திருந்தார். இவரும் சின்ன வயசுதான், செருப்பைக் கழற்றவில்லை. எங்கள் கதை ஒன்றும் தெரியாதவர். பையைத் திறந்துகொண்டே கேட்டார்.

"இதுக்கு முன்னாடி மருந்து ஏதாவது குடுத்தீங்களா?"

மாமா என்னை ஒருமுறை பார்த்தார்.

"இல்லீங்க."

டாக்டர் போட்டது அதே பழைய ஊசிதான், அந்த மஞ்சள் பொடி மருந்து. எனக்குத்தான் பார்க்கத் தைரியம் இல்லை, வாசலுக்கு வந்துவிட்டேன்.

23-11-1984

விடிந்ததும் மாமா சைக்கிளில் வந்தார். கதவுக்கு வெளியே நின்றபடியே, "எல்லாம் காம்பைப் புடிச்சிருச்சு சாமி" என்றார். அப்புறம் உள்ளே வந்து காபி கேட்டார். மூக்கை மூடவில்லை.